பாட்டு சேர்த்த பணமும் பசித்தவர் கைக்குச் சேர்ந்த உணவும்

பசித்தவர்களுக்கு அனுப்பப்படும் உதவி எப்படிப் போய்ச் சேர்கிறது, எங்கே தடைப்படுகிறது என்பதை இம்முறை ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கொண்டு படிப்போம்.

1984 ஒக்டோபர் 23ஆம் திகதி, எதியோப்பியாவின் வடக்கிலுள்ள கோரம் முகாமின் காட்சிகளை பீ.பீ.சி. தொலைக்காட்சி காட்டியது. உண்ணத் தானியமின்றி ஊரைவிட்டு நடந்து வந்த உழவர் குடும்பங்கள் அங்கே திரளாகக் கிடந்தன. அதைப் பார்த்த அயர்லாந்துப் பாடகர் பொப் கெல்டோவ், ஸ்கொட்லாந்துக் கலைஞர் மிட்ஜ் யூருடன் சேர்ந்து ஒரு பாட்டை இயற்றினார். நவம்பர் 25ஆம் திகதி முப்பதுக்கும் மேற்பட்ட ரொக், பொப் இசைக் கலைஞர்கள் இலண்டனில் கூடி, ஒரே நாளில் அதைப் பாடிப் பதிவுசெய்தனர். தமது குழுவுக்கு 'பாண்ட் எயிட்' என்று பெயர் வைத்தனர். ஒருவரும் ஊதியம் பெறவில்லை. ஒலிப்பதிவுக் கூடமும் இலவசமாகக் கிடைத்தது. இசைத்தட்டு விற்பனையால் சுமார் 80 இலட்சம் பவுண் சேர்ந்தது.

ஆனால் பணத்தை உண்ண முடியாது. அதன் பின் நடந்தவற்றில் நான்கு பாடங்கள் உள்ளன.

1. வாகனம்: துறைமுகத்துக்கு வந்த தானியத்தை உள்ளூர்களுக்கு ஏற்றிச்செல்ல லொறிகள் போதவில்லை. சூடான் வழியாக அனுப்புவதற்கு லொறி உரிமையாளர்கள் பெருந்தொகை கேட்டனர். ஆகவே பாண்ட் எயிட் தானே லொறிகளை வாங்கி ஓட்டியது.

2. யுத்தம்: மழை பொய்த்தது மட்டும் பஞ்சத்துக்குக் காரணமல்ல. திக்ரேயிலும் எரித்திரியாவிலும் அரசாங்கப் படைகளுக்கும் போராளிகளுக்கும் சண்டை நடந்தது. சந்தைகள் மீதும் குண்டுகள் விழுந்தன. போராளிகள் வசமிருந்த ஊர்களுக்கு உணவு செல்ல அரசாங்கம் இடங்கொடுக்கவில்லை. சூடான் எல்லை தாண்டி, இரவு வேளைகளிலேயே லொறிகள் அங்கு போயின.

3. நிலம்: அரசாங்கம் சுமார் 6 இலட்சம் பேரை வடக்கிலிருந்து தென்மேற்குக்குக் கொண்டுபோய்க் குடியேற்றியது. பலர் விரும்பிப் போகவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இதைக் கண்டித்த பிரான்சிய வைத்தியர் அமைப்பொன்று 1985 டிசெம்பரில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது.

4. விதை: விதைத் தானியத்தையும் உண்டு தீர்த்து, உழவு மாட்டையும் விற்றுவிட்ட குடும்பம், மழை பெய்தாலும் விதைக்க முடியாது. முகாமில் கிடைக்கும் மா இன்றைய பசியை ஆற்றும். அடுத்த அறுவடைக்கு விதையும் மாடும் வேண்டும்.

பாடகர்கள் செய்தது நல்ல காரியம். பல உயிர்கள் அதனால் பிழைத்தன. எனினும் அப்பாட்டு எதியோப்பியரை நத்தார் பண்டிகையே அறியாதவர்கள் போலப் பேசியது. அந்நாட்டில் 4ஆம் நூற்றாண்டிலிருந்தே திருச்சபை உண்டு! கொடுப்பவர், பெறுபவரை அறிந்திருக்கவேண்டும். எது தேவை, எங்கே தேவை என்று முதலில் கேட்கப்படவேண்டியவர் உழவரே.

கூடிச் சிந்திப்போம்:

அ. நமக்கு வந்த உதவிகளில் எதை நம்மிடம் கேட்டுக் கொடுத்தார்கள்?

ஆ. ஊர் திரும்பி முதற் போகம் விதைக்க என்னென்ன வேண்டும்? ஒரு பட்டியல் எழுதுவோம். அடுத்த முறை உதவ வருபவரிடம் அதைக் கொடுப்போம்.