பன்னிரண்டு லீற்றர்க் கடல்

கடல்மீன் தொட்டி என்றதும், பெரிய விடுதிகளின் முன்மண்டபத்தில் சுவரளவு நிற்கும் கண்ணாடிப் பெட்டிதான் பலருக்கு நினைவுக்கு வரும். அதனாலோ என்னவோ, விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: “சின்னதாய் ஒன்று வைத்தால் பராமரிப்பது லேசுதானே?” உடுப்பிட்டியில் எங்கள் வீட்டு விறாந்தையில் அப்படிச் சின்னதாய் ஒன்றைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். லேசில்லை. தொட்டி சிறுக்கச் சிறுக்கக் கவனம் பெருக வேண்டும். அதற்கான காரணம் சாதாரண கணக்கிலேயே இருக்கிறது.

தொட்டியில் நீர் நிற்கும் அளவு 30 சென்ரிமீற்றர் நீளம், 20 அகலம், 20 உயரம் என்று கொள்வோம். 12 லீற்றர் கொள்ளும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. வெயிற்காலத்தில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. நீர்மட்டம் 3 சென்ரிமீற்றர் இறங்கினால் மிஞ்சிய நீரில் உப்பு லீற்றருக்கு 41 கிராமைத் தாண்டும். இதே இறக்கம் 50 சென்ரிமீற்றர் ஆழமான தொட்டியில் ஏற்பட்டால் 37 கிராம் அளவில் நின்றுவிடும். ஆழக் கடலுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. நம் விறாந்தைக் கடலிலோ ஒரு வார விடுமுறைக்குள் நண்டும் நத்தையும் ஊறுகாய் ஆகிவிடலாம்.

ஆகவே முதல் நாளே கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போடுங்கள். மட்டம் கோட்டுக்குக் கீழே வந்தால் கடல்நீரை ஊற்றக்கூடாது. போனது வெறும் நீர் மட்டுமே என்பதால் உப்பில்லாத நீரையே ஊற்ற வேண்டும். அப்படியானால் கிணற்று நீரை அள்ளி ஊற்றலாமா? எங்கள் குடாநாட்டில் வேண்டாம் என்பேன். சுண்ணாம்புக்கல்லுக்கு ஊடாக ஊறிவரும் நீர் வன்மை கூடியது. தோட்டங்களுக்கு இடும் உரமும் மலக்குழிக் கசிவும் சேர்வதால் பல கிணறுகளில் நைத்திரேற்று மிகையாக உள்ளது. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் அது தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். முதல் மழையில் கூரையைக் கழுவவிட்டு, அடுத்த மழையில் பிளாத்திக்கு வாளியில் பிடித்து மூடிவைத்த நீர் நல்லது. பித்தளைக் குடமும் செப்புப் பாத்திரமும் இந்த வேலைக்கு ஆகா. செம்பு சிறிதளவு கரைந்தாலும் முள்ளந்தண்டில்லா உயிர்களுக்கு நஞ்சு.

கடல்நீருக்கு நான் வல்வெட்டித்துறைப் பக்கம் போவேன். வள்ளங்கள் கட்டாத, எண்ணெய் மிதக்காத இடம் பார்த்து அள்ளுவேன். தொண்டைமானாற்று வாய் இன்னும் வசதிதான். ஆனால் மாரியில் தடுப்பணைக் கதவுகள் திறந்தால் நீரேரியின் மழைநீர் அங்கே கலக்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடலே கலங்கிக் கிடக்கும். ஐப்பசிக்கு முன்பே இரண்டு கலன் பிடித்து இருட்டில் மூடிவைப்பது என் வழக்கம்.

நீர் தயாரானதும் உயிர்களை விட அவசரப்படுவது பிள்ளைகளின் இயல்பு. இங்கேதான் பொறுமை வேண்டும். உயிரிகளின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகும். கடல்நீர் காரத்தன்மை கூடியது என்பதால் அமோனியாவின் நஞ்சு நன்னீரைவிட அதிலே கடுமை. ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாகவும், இன்னொருவகை அதை நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும். இவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். கரை மணல் ஒரு பிடியும், சமையலறையிலிருந்து நகத்தளவு இறால் துண்டொன்றும் போட்டு, காற்றுப் பம்பியை ஓடவிட்டுக் காத்திருங்கள். முதலில் நாறும். வீட்டில் ஏச்சும் கிடைக்கும். பாடசாலை ஆய்வுகூடத்தில் சோதித்து, அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையென்று கண்ட பிறகே முதல் உயிரை விட வேண்டும்.

பம்பி எதற்கு? 30 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நன்னீர் 7.5 மில்லிகிராம் அளவு ஒட்சிசனைக் கரைத்துவைக்கும்; கடல்நீரோ 6 மில்லிகிராமைச் சற்றே தாண்டும். 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம்கூட மின்சாரம் நின்றதை நாம் மறக்கவில்லை. அந்த நாள்களில் எனக்குக் கைகொடுத்தது பழைய முறையொன்று. 1846இல் இங்கிலாந்தின் டோர்க்கி கரையில் சேகரித்த முருகை உயிரிகளை அனா தைன் என்ற பெண்மணி இலண்டனுக்குக் கொண்டுசென்றார். நீர் கெடாதிருக்க, திறந்த சாளரத்தருகே அதைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் ஊற்றி ஆற்றுவது அவர் வீட்டுப் பணிப்பெண்ணின் வேலை. தேநீர் ஆற்றுவது போலத்தான். கோப்பையால் அள்ளி ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றினால் போதும். அதற்கும் முன்னர், 1832இல், சிசிலித் தீவின் மெசினாவில் ஜான் வில்ப்ரே பவர் என்ற பெண், ஆர்கோநோட் என்னும் ஓடுடைய கணவாயை ஆராயக் கண்ணாடித் தொட்டி செய்தார். அவ்வோட்டை அவ்வுயிரே ஆக்குகிறது என்று நிறுவியவர் அவரே. முன்பு ஆடை தைத்துப் பிழைத்தவர்!

பன்னிரண்டு லீற்றரில் மீன் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். கடல்மீனுக்கு அது சிறைகூட அல்ல, பெட்டி. இரண்டு சிறு கடல் நத்தைகள், வெறும் சங்கோட்டில் குடியேறித் திரியும் ஒரு துறவி நண்டு, ஒரு கொத்துப் பச்சைக் கடற்பாசி போதும். நண்டு வளர்ந்தால் வீடு மாறும். சற்றுப் பெரிய வெற்றோடுகள் சிலவற்றைப் போட்டுவையுங்கள். அது புது ஓட்டை முன்கால்களால் அளந்து, உள்ளே துழாவி, கணத்தில் உடல் மாற்றிக் குடிபுகுவதை ஒருமுறை பார்த்தவர்கள் பிறகு தொலைக்காட்சிப் பக்கம் போகமாட்டார்கள். உயிருள்ள முருகையைத் தொடவே வேண்டாம். கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வதை 1988இன் திருத்தச் சட்டம் தடைசெய்தது. சட்டத்தை விடுங்கள், 1998இல் கடல் சூடேறியபோது நம் நாட்டு முருகைகள் பரவலாக வெளிறி மடிந்தன. ஒன்றிரண்டு பாகை மாற்றத்தைக் கடலிலேயே தாங்காத உயிர், நம் விறாந்தையில் தாங்குமா?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நுளம்புச் சுருளோ விசிறும் மருந்தோ அந்த அறையில் வேண்டாம். அவற்றிலுள்ள நஞ்சு நண்டு, இறால் இனங்களைக் கொல்லும். டெங்குக்குப் புகையடிக்க வந்தால் தொட்டியை ஈரத்துணியால் மூடி, பம்பியை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அதுவே புகையை இழுத்து நீருக்குள் விடும்.

கிழமைக்கு ஒருமுறை ஒன்றரை லீற்றர் பழைய நீரை எடுத்துவிட்டுச் சேமித்த கடல்நீரை ஊற்றுங்கள். உணவு, உளுந்தளவு இறால் துண்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை. மிஞ்சினால் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். பரீட்சைக் காலத்தில் கவனிக்க இயலாது என்று கண்டால், நண்டையும் நத்தையையும் எடுத்த அதே கரையில், அதே பாறையடியில் கொண்டுபோய் விடலாம். கடையில் வாங்கிய உயிர்களோடு ஒரே தொட்டியில் இருந்தவை என்றால் மட்டும் கடலில் விடாதீர்கள். தொட்டி வைத்திருக்கும் இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.