சூரியனது காணாக் கிரணங்களும் சருமமும்

ஓசூர்ப் பிரதேசம் சமுத்திர மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரமுள்ள பீடபூமியில் அமைந்திருப்பதும், அதனால் அங்கே வெயிலின் உஷ்ணம் சேலம் முதலிய இடங்களைவிடக் குறைந்திருப்பதும் யாவரும் அறிந்ததே. ஆயின், உடம்பிற்கு உறைக்காத வெயில் உடம்பைக் கெடுப்பதுமில்லை என்று எண்ணுவது தவறாகும். சூட்டைத் தரும் கிரணங்கள் ஒருவகை. சருமத்தைக் கெடுக்கும் கிரணங்கள் வேறுவகை.

1801-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து விஞ்ஞானியான ரிட்டர் என்பவர், சூரிய ஒளியைப் பல நிறங்களாகப் பிரித்து, ஊதா நிறத்திற்கு அப்பால் கண்ணுக்கு ஒன்றும் தோன்றாத இடத்தில் வெள்ளி உப்பை வைத்தபோது, அது மற்றை நிறங்களில் வைத்ததைவிட விரைவாய்க் கறுப்பதைக் கண்டார். அவ்விடத்தில் விழுபவையே புற ஊதாக் கிரணங்கள். உயரே செல்லுந்தோறும், ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் இவை நூற்றுக்குச் சுமார் 10 பங்கு மிகுகின்றன. மெல்லிய மேகம் இவற்றைப் பெரிதும் தடுப்பதில்லை. ஓசூரில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஆண்டிற்கு இருமுறை: ஏப்ரல் மாதக் கடைசியிலும், ஆகஸ்டு மாத நடுவிற்குச் சற்றுப் பின்னும். பின்னது குளிர்காற்றும் மூட்டமும் உள்ள காலமாதலின், கேழ்வரகுக் கொல்லையில் களையெடுப்போர் அப்போது தலைத்துணியையும் கழற்றிவிடுவர்.

ரோஜா, குடைமிளகாய் முதலியன பயிரிடப்படும் கூடாரங்களின் பாலித்தீன் தாள், தகுந்த காப்புப்பொருள் கலவாததாயின் விரைவில் நைந்து நொறுங்குவதும் இக்கிரணங்களாலேயே. தாள் வாங்கும்போது இதனை விசாரிக்கும் குடியானவர் தம் பிடரியைப் பற்றி விசாரிப்பதில்லை.

இக்கிரணங்களுள் குறுகிய அலையுடையவை மேல்தோலின் உயிரணுக்களிலுள்ள டி.என்.ஏ. என்னும் மூலப்பொருளைத் தாக்கி, அதன் கண்ணிகள் முறைதவறி ஒட்டிக்கொள்ளும்படி செய்கின்றன. நீண்ட அலையுடையவை ஆழச்சென்று தோலின் நார்களைத் தளர்த்துகின்றன. சேதமடைந்த அணுக்கள் வெளியிடும் சில இரசாயனப் பொருள்களால் இரத்தக் குழாய்கள் விரிந்து, சிவப்பும் சூடும் வீக்கமும் வலியும் உண்டாகின்றன. இதற்கே அழற்சி என்று பெயர். இது சில மணி நேரங் கழித்தே தோன்றி, 12 முதல் 24 மணி நேரத்திற்குள் உச்சமடைவதால், இரவில் காணும் எரிச்சலுக்குப் பகல் வெயிலே காரணமென்று பலர் உணர்வதில்லை.

மேல்தோலில் லாங்கர்ஹான்ஸ் அணுக்கள் எனப்படுபவை உள்ளன. கிராமத் தலையாரியைப்போல் இவை அந்நியப் பொருளைக் கண்டு உள்ளே தகவல் கொண்டுசெல்பவை. புற ஊதாக் கிரணங்கள் இவற்றின் தொகையைக் குறைத்து, எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கின்றன. 1970-களில் மார்கரெட் கிரிப்கி என்னும் அமெரிக்க விஞ்ஞானி எலிகளில் செய்த சோதனைகளில், இக்கிரணங்களால் உண்டான புற்றுக்கட்டியைச் சாதாரண எலியின் உடல் ஏற்காது அழித்ததென்றும், முன்பே கிரணம் பட்ட எலியின் உடலில் அது வளர்ந்ததென்றும் தெரியவந்தது.

கருநிறச் சருமத்திலுள்ள மெலனின் என்னும் நிறப்பொருள் நல்ல கவசமே. அதனால் நம் நாட்டில் வெயிலால் வரும் தோற்புற்று குறைவு. வெண்புள்ளி உடையோருக்கு அவ்விடங்களில் அக்கவசமில்லை. கண்ணுக்கும் அது போதாது. கண்புரைக்கு இக்கிரணங்களும் ஒரு காரணம்.

ஓசூர் வட்டாரத்தில் முக்கியமாய்க் கவனிக்கவேண்டியது பார்த்தீனியம் என்னும் களை. 1950-களில் பூனா நகரருகே காணப்பட்ட இது, இன்று வரப்பு, பாதையோரம், தரிசு எங்கும் மண்டியுள்ளது. 1984-இல் பெங்களூர்ப் பக்கத்தில் இதைத் தின்னும் மெக்ஸிகோ வண்டுகள் விடப்பட்டும் இது ஒழிந்தபாடில்லை. இதிலுள்ள பார்த்தினின் என்னும் பொருள், காய்ந்த தூளாய்க் காற்றில் பறந்து படிய, சிலருக்குக் கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகியவற்றில் அரிப்புப்புண் உண்டாகிறது. இது எதிர்ப்புச் சக்தி அளவு மீறிச் செய்யும் வேலை. ஆண்டுகள் செல்ல, அவர்களுள் சிலருக்கு வெயில் பட்டாலே புண் கிளர்ந்து, தோல் தடித்துக் கறுக்கிறது. எதிர்ப்பைத் தணிக்கும் கிரணமே எதிர்ப்பைத் தூண்டுவது விந்தைதான். இத்தகையோரிடம் அத்தணிவு சரிவர நிகழ்வதில்லை என்று கருதப்படுகிறது. வெறும் சிரங்கென்று களிம்பு தடவிக் காலம் கடத்தாமல் தோல் வைத்தியரிடம் காட்டவேண்டும். வேலையை விட்டுவிடும்படி நேர்ந்தபின் காட்டுவதில் பயன் குறைவு.

இக்களையைப் பூப்பதற்குமுன், மண் ஈரமாயிருக்கையில், கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து வேரோடு பிடுங்குதல் நலம். முன்பே அரிப்புக் கண்டவர் இவ்வேலைக்கு வரவேண்டாம். தன் நிழல் தன் உயரத்திற்குக் குறைந்திருக்கும் நேரமே கிரணங்கள் கடுமையாயுள்ள நேரம். குனிந்து செய்யும் வேலையை அதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளலாம். நெருக்கமாய் நெய்த பருத்தித் துணியே தலைக்கும் பிடரிக்கும் ஏற்றது. நனைந்த மெல்லிய வெள்ளைத் துணி கிரணங்களைப் பெரிதும் உள்ளே விடும். வைட்டமின் டி உண்டாக வெயில் வேண்டுமாகையால், அதை முற்றும் விலக்குவதும் தகாது.

பால் சங்கத்தார்க்கு ஒரு விஷயம். காட்டோரம் மேயும் மாடு உண்ணிச்செடியைத் தின்றால், ஈரல் கெட்டு, பச்சைத் தீவனத்திலிருந்து உண்டாகும் ஒரு பொருள் கழியாமல் இரத்தத்தில் தங்கும். அப்பொருள்மேல் வெயில் படவே தோல் வெந்து உரியும். கறுப்பும் வெள்ளையுமான கலப்பினப் பசுவில் வெள்ளைத் திட்டுக்களே உரிந்து, கறுப்பிடம் பெரும்பாலும் பிழைத்திருப்பதைக் காணலாம். அத்தகைய மாட்டை உடனே வெயில் புகாத தொழுவத்தில் கட்டி, பசுந்தழை நிறுத்தி, கால்நடை வைத்தியரை அழைக்கவேண்டும்.