மேல்முறையீட்டுக் கடிதம் எழுதும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

எம்.எஸ். படிப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். கூடவே மேல்முறையீட்டுக்காக எழுதிவைத்த வரைவையும் அனுப்பியிருந்தாய். இரண்டு முறை படித்தேன். அதை அப்படியே கொடுத்துவிடாதே.

அந்த வரைவு முழுக்க வேண்டுதல்தான். அப்பா நிலத்தை அடமானம் வைத்துக் கல்விக்கடன் வாங்கியது, இன்னொரு வாய்ப்புக் கொடுத்தால் இரவு பகலாகப் படிப்பேன் என்ற உறுதி, மன்னிப்பு, மறுபடியும் மன்னிப்பு. எல்லாம் உண்மைதான். நம் ஊரில் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதினால் இப்படித்தான் எழுதுவோம். ஆனால் அமெரிக்காவில் உன் முறையீட்டைப் படிக்கும் குழுவில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்களுக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. இந்த மாணவருக்கு என்ன நடந்தது? அது சரியாகிவிட்டதா? அடுத்த பருவத்தில் சராசரி 3.0-க்கு மேல் ஏறும் என்று எதைப் பார்த்து நம்புவது? உன் வரைவில் இவற்றுக்குப் பதில் இல்லை. இருப்பது ஒரே ஒரு வரிதான், அதையும் நடுப்பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறாய்: அக்டோபர் கடைசியிலிருந்து மூன்று வாரம் அறையைவிட்டு வெளியே வர முடியவில்லை என்று.

தம்பி, உன் கடிதம் தொடங்க வேண்டிய இடம் அதுதான். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வகுப்புக்குப் போகக் கால் எழவில்லை என்றால் அது சோம்பல் அல்ல, நோய். அதைச் சொன்னால் பைத்தியம் என்று நினைப்பார்களோ என்று நம் வீடுகளில் வளர்ந்த எல்லாருக்கும் பயம் இருக்கிறது. அங்கே குழுவினர் அப்படிப் பார்ப்பதில்லை. மனநலக் காரணம் சொல்லும் முறையீடுகள் அவர்களுக்குப் புதிதல்ல. எப்போது தொடங்கியது, எந்தப் பாடங்கள் எப்படிப் பாதிக்கப்பட்டன, அப்போதே ஏன் யாரிடமும் சொல்லவில்லை, இப்போது யாரிடம் சிகிச்சை பெறுகிறாய் என்று தேதியோடு எழுது. நாளைக் காலையே வளாகத்தின் ஆலோசனை மையத்துக்குப் போ. முதலில் உன் உடம்புக்காகப் போ. அவர்கள் தரும் கடிதம் உன் முறையீட்டோடு இணைக்கவும் உதவும். சான்று இல்லாத காரணத்துக்குக் குழுவிடம் அதிக மதிப்புக் கிடைக்காது.

உன் அறைத்தோழன் வழக்குப் போடலாம் என்கிறானாம். இப்படி நீக்கப்பட்ட மாணவர்கள் போட்ட இரண்டு வழக்குகளை அமெரிக்க உச்ச நீதிமன்றமே கேட்டிருக்கிறது. 1978-இல் மிசௌரி பல்கலைக்கழக மருத்துவ மாணவி ஹோரோவிட்ஸ் தோற்றார். படிப்பில் குறை என்று நீக்கும்போது முறையான விசாரணை நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை, முன்கூட்டியே எச்சரித்துக் கவனமாக முடிவெடுத்திருந்தால் போதும் என்றது நீதிமன்றம். 1985-இல் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் யூயிங் தோற்றார். அவரைப்போலத் தேர்வில் தவறிய மற்றவர்களுக்கு மறுதேர்வு கிடைத்திருந்தும், ஆசிரியர்களின் கல்வித் தீர்ப்பில் நீதிபதிகள் தலையிட மறுத்துவிட்டார்கள். ஆகவே உனக்கு உண்மையில் திறந்திருக்கும் கதவு பல்கலைக்கழகத்துக்குள்தான் இருக்கிறது. அது திறந்திருப்பது சில நாட்களுக்கு மட்டுமே. நீக்கக் கடிதத்தில் கடைசித் தேதி இருக்கும். மாணவர் கையேட்டில் யாருக்கு, எந்தக் காரணங்களுக்காக முறையிடலாம் என்று இருக்கும். இரண்டையும் முதலில் படி.

ஒரு பேராசிரியர் மதிப்பெண் குறைத்துப் போட்டார் என்று இரண்டு பத்தி எழுதியிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. மதிப்பெண்ணை எதிர்ப்பதற்குத் தனி நடைமுறை உண்டு. இங்கே அதைக் கலந்தால், பழியைப் பிறர்மேல் போடுகிறான் என்ற எண்ணம்தான் மிஞ்சும். அதைவிடப் பயனுள்ள ஒன்றைக் கேட்டுப் பார்: மருத்துவக் காரணத்தால் அந்தப் பருவத்தின் பாடங்களிலிருந்து முன்தேதியிட்டு விலகிக்கொள்ள உன் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறதா? அனுமதித்தால் பொதுவாக அந்தப் பாடங்கள் சராசரிக் கணக்கிலேயே வராது.

திட்டம் என்று தனியாக ஒரு பத்தி எழுது. கடுமையாக உழைப்பேன் என்பதை அதில் எழுதாதே. எந்தப் பாடத்தைத் திரும்ப எடுப்பாய், வளாக வேலையை எத்தனை மணி நேரமாகக் குறைப்பாய், ஆலோசகரை எந்தக் கிழமை பார்ப்பாய், சராசரி மேலேற எந்த கிரேடுகள் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டு. மொத்தக் கடிதமும் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

விசா விஷயத்தில் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதே. உன்னுடையது எஃப்-1. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போய், முறையீடு நிலுவையில் இருக்கும்போது வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசின் செவிஸ் கணினியில் உள்ள உன் பதிவை என்ன செய்வார்கள் என்று நேரடியாகக் கேள். படிப்பை முடித்தவர்களுக்கு நாட்டைவிட்டுக் கிளம்பக் கிடைக்கும் 60 நாள் அவகாசம், நீக்கத்தால் பதிவு ரத்தானவர்களுக்குக் கிடையாது. அலுவலகத்தின் அனுமதியோடு விலகினால் 15 நாள் உண்டு. முறையீடு ஏற்கப்பட்டால், மருத்துவர் அல்லது உரிமம் பெற்ற உளவியலாளரின் சான்றைக் காட்டிக் குறைந்த பாடங்கள் எடுக்கவும் விதி இருக்கிறது. ஒரு படிப்பு நிலைக்கு மொத்தம் 12 மாதம் வரை அந்தச் சலுகை. இதை எவரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வளாகத்துக்கு வெளியே அனுமதியில்லாமல் கடையில் வேலை பார்த்தாயா என்று உன்னிடம் கேட்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பார்த்திருந்தால், அதை எழுத்தில் வைப்பதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசு. பொய் மட்டும் எழுதாதே.

முறையீட்டை மறுத்துவிட்டால், டீனுக்கு இரண்டாம் முறையீடு இருக்கிறதா, சில காலம் கழித்து மறுசேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாமா, வேறு கல்லூரிக்குப் பதிவை மாற்றலாமா என்று கேட்டு வை.

வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை என்று தெரிகிறது. அமெரிக்காவின் 1974-ஆம் ஆண்டுக் கல்வித் தனியுரிமைச் சட்டப்படி மாணவரின் பதிவேட்டின் மீதான உரிமை அவருக்கே உரியது. உன் சம்மதம் இல்லாமல் பல்கலைக்கழகம் ஊருக்குக் கடிதம் போடப்போவதில்லை. அதனாலேயே நீதான் சொல்லியாக வேண்டும். மூன்றாம் மனிதர் வாயால் தெரிந்தால்தான் அப்பா உடைந்துபோவார். அவரிடம் பேசும்போது நானும் இணைப்பில் இருக்கிறேன். எப்போது என்று மட்டும் சொல். புதிய வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு.

அன்புடன்,
அக்கா