கோடை விருந்து

ஓராண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் இளவேனில், முதுவேனில் என்னும் இரண்டும் வெப்பம் மிகுந்தவை. சித்திரையின் பிற்பகுதி தொடங்கி வைகாசியின் நடுப்பகுதிவரை நீளும் நாள்களைக் 'கத்திரி வெயில்' என்று மக்கள் வழங்குவர். அந்நாள்களில் குளங்கள் வற்றும், வயல்கள் வெடிக்கும், நெடுவழிகளில் கானல் ஓடும். எனினும், அவ்வெயிலைத் தாங்குவதற்கு வேண்டிய உணவையும் இயற்கை அக்காலத்திலேயே வழங்கிவிடுகின்றது. அவ்வுணவைத் தனித்து உண்ணாமல் உற்றாரோடும் நண்பரோடும் கூடி உண்பது தமிழ்நாட்டுக் கோடையின் சிறப்பாகும்.

கோடையில் உடல் வியர்க்கின்றது. வியர்வை உலரும்போது உடலின் சூடு தணிகின்றது. ஆனால், வியர்வையோடு நீரும் உப்பும் வெளியேறிவிடுகின்றன. அவற்றை ஈடு செய்யாவிடின் சோர்வும் மயக்கமும் உண்டாகும். உப்பிட்ட மோர் அக்குறையை எளிதாக நீக்கும். தயிரைக் கடைந்து, நீர் பெருக்கி, இஞ்சியும் கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் சேர்த்து, மட்பானையில் வைப்பர். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் காற்றில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் மோர் குளிர்கின்றது. இவ்வுண்மையை ஏட்டில் படியாத பாட்டியரும் பட்டறிவால் அறிந்திருந்தனர்.

உழவர் வீடுகளில் கம்பங்கூழ் கோடையின் காலையுணவு. கம்பை இடித்து மாவாக்கிக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யரிசியோடு சேர்த்துக் காய்ச்சுவர். ஓரிரவு கழிந்தபின் அதனை மோரில் கரைத்து, சிறு வெங்காயத்தையும் மோர் மிளகாயையும் துணையாகக் கொண்டு உண்பர். இன்று நகரத்துத் தெரு முனைகளிலும் வேப்பமர நிழலில் கூழ் விற்கப்படுகின்றது. சுமை தூக்குவோரும் அலுவலகம் செல்வோரும் ஒரே பானையைச் சுற்றி நின்று பருகுகின்றனர்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். ஏறத்தாழ 30 மீட்டர் உயரம்வரை வளரவல்ல அம்மரம், கோடையில் நுங்கும் பதநீரும் தருகின்றது. நுங்கைத் தருவது பெண்பனையே. பதநீரையோ ஆண்பனை, பெண்பனை இரண்டும் தரும். நுங்குக் காயைச் சீவினால் பெரும்பாலும் மூன்று கண்கள் தோன்றும். பெருவிரலால் அவற்றைத் தோண்டி உண்ணும் சிறுவர், எஞ்சிய கூந்தல்களைக் கோலில் கோத்து வண்டியாக உருட்டி மகிழ்வர். பனையோலைப் பட்டையில் பதநீரை ஊற்றி, நுங்கையும் அதில் இட்டுப் பருகும் இன்பத்திற்கு ஈடு எது?

அவ்வின்பத்தின் பின்னால் அரிய உழைப்பு மறைந்து நிற்கின்றது. பனையேறி நாள்தோறும் காலையும் மாலையும் மரமேறுகின்றார். பாளையின் நுனியைக் கூரிய அரிவாளால் மெல்லியதாகச் சீவி, கலயத்தைக் கட்டுகின்றார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்பெற்றிருக்கும். அஃது இல்லையேல் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். கால் சற்றே இடறினும் உயிருக்கு இடர் நேரும். இத்தொழிலில் இறங்குவோர் தொகை குறைந்து வருகின்றது. ஏறுவார் இன்றிப் பல மரங்கள் வாளா நிற்கின்றன. ஒரு பட்டைப் பதநீருக்கு விலை பேசுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கோடையுணவின் பொலிவை மதுரையில் நன்கு காணலாம். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் நாளன்று, சுற்று வட்டாரத்து மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து குவிவர். வழியெங்கும் பந்தலிட்டு, நீர்மோரும் பானகமும் விலையின்றி வழங்குவர். வெல்லத்தைக் கரைத்து, சுக்கும் ஏலமும் எலுமிச்சைச் சாறும் கலந்தது பானகம். பந்தலில் குவளையை நீட்டுபவர், "நீ யார்? எந்த ஊர்?" என்று வினவுவதில்லை. தாகம் ஒன்றே அங்குத் தகுதி.

அந்நகரின் சிறு கடைகளில் கிடைக்கும் ஜிகர்தண்டா பெயர்பெற்றது. நெஞ்சுக்குக் குளிர்ச்சி என்று பொருள்படும் அப்பெயர் வடபுலத்திலிருந்து வந்தது. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரிச் சர்பத்து, ஐஸ்கிரீம் ஆகியவை சேர்ந்தது அது. மாலையில் வெயில் தாழ்ந்ததும் பெற்றோர் பிள்ளைகளோடு அக்கடைகளுக்குச் செல்வர். இரவில் தெருவோரக் கடைகளில் ஆவி பறக்கும் இட்டலியை வாழையிலையில் இட்டு, பலவகைச் சட்டினிகளோடு தருவர். விசுப்பலகையில் இடம் போதாதபோது, முன்பின் அறியாதவரும் சற்றே நகர்ந்து இடம் தருவர்.

இவ்வாறு ஒரே பலகையில் அமரும் உரிமை எல்லார்க்கும் என்றும் இருந்ததன்று. சாதியைக் காரணங்காட்டிச் சிலரை உணவு விடுதிக்கு வெளியே நிறுத்திய காலம் உண்டு. 1950 சனவரி 26 ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15 ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் அவ்வாறு தடுப்பதை விலக்கியது. 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதன் பின்னரும் சில சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் ஒரு சாரார்க்கு வேறு குவளை வைக்கும் இழிவழக்கம் தொடர்ந்தது. சட்டம் கதவைத் திறக்கும். அருகில் இடம் கொடுக்க வேண்டியது மனிதரின் மனமே.

தெருவோர வணிகரின் பிழைப்பைக் காக்க 2014 இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வணிகர்க்குக் கடமைகளும் உண்டு. அறுத்த பழத்தை ஈ மொய்க்காமல் மூடி வைத்தல், தூய நீரையே பயன்படுத்துதல், மீனைப் பதப்படுத்தும் பனிக்கட்டியைப் பருகும் பொருளில் சேர்க்காமை ஆகியவற்றை அவர்கள் போற்றுதல் வேண்டும். உண்பவரும் இலையையும் குவளையையும் குப்பைத் தொட்டியில் இடுதல் வேண்டும்.

கோடை ஆண்டுதோறும் வரும்; நுங்கும் மோரும் கூழும் உடலின் சூட்டைத் தணிக்கும். பானை நீரை வழிப்போக்கனுக்கு அளிக்கும் கையும், பலகையில் நகர்ந்து இடந்தரும் பண்பும் உள்ளத்தைக் குளிர்விக்கும். பகுத்துண்ணும் அவ்வுணவே உண்மையான கோடை விருந்து.