தராசு காட்டாத பருமன்

"தோட்டத்துல ஏது குண்டானவங்க? அது கொழும்புப் பணக்காரங்களுக்கு வர்ற வருத்தம்."

ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் உடற்பருமன் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் பதில் இதுதான். அப்படிச் சொல்வதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது 31.7 சதவீதம். ஏறக்குறைய மூன்று பிள்ளைகளில் ஒன்று வளர்ச்சி குன்றியிருக்கும் இடத்தில் பருமனைப் பேசுவது, பசித்தவனிடம் அஜீரணத்துக்கு மருந்து சொல்வதுபோல் படும். ஆனால் அந்த 31.7 சதவீதம்தான் மலையகத்தில் பருமனைப் பேசியே ஆக வேண்டியதற்கு முதற்காரணம்.

அந்தத் தொடர்பு கருவிலேயே தொடங்குகிறது. இந்தியாவில் புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் குழு பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்தது. சராசரி எடை 2.7 கிலோ; இங்கிலாந்தின் சவுத்ஹாம்டனில் 3.5 கிலோ. புனேக் குழந்தைகளுக்குத் தசை குறைவு, வயிற்று உறுப்புகளும் சிறியவை. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தாயின் வயிற்றில் ஊட்டம் போதாமல் வளரும் சிசு தசையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைக் காப்பாற்றிக்கொள்கிறது. சாப்பிட்டபின் இரத்தத்தில் சேரும் சீனியில் பெரும் பங்கை உறிஞ்சிக்கொள்வது தசை. அது பிறப்பிலேயே குறைந்தால், பின்னாளில் உடம்பில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் மற்றவர்களைவிட அதிகக் கேடு செய்யும்.

யாஜ்னிக் தன்னையே சாட்சியாக நிறுத்தினார். 2004இல் 'லான்செட்' இதழில் அவரும் லண்டன் வைத்தியர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. எனப்படும் உடற்திணிவுச் சுட்டி ஒன்றே: 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லி. யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம். தராசு இருவரையும் ஒன்றாகத்தான் காட்டியது.

மலையகத்துக்கு இதில் தனிச் சுமை ஒன்று உண்டு. 1973, 74இல் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் விழுந்தன. மரவள்ளிக் கிழங்குக்கும் கீரைக்கும் அலைந்த அந்த நாட்களை மூத்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. 1944-45 குளிர்காலத்தில் ஜேர்மன் படை உணவை மறித்ததால் நெதர்லாந்தும் இப்படிப் பட்டினி கிடந்தது. அப்போது கருவில் இருந்தவர்களுக்கு ஐம்பது வயதில் இரத்தத்தில் சீனி கட்டுப்படாமல் ஏறியதை ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் லயங்களில் அந்தப் பஞ்சத்தில் பிறந்தவர்களுக்கும் இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்பவர்களில் அந்த வயதுக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெதர்லாந்துதான் நினைவுக்கு வருகிறது.

"மலைக்குப் போறவளுக்கு ஒடம்பு வைக்காது."

இதைச் சொல்லாத தோட்டம் இல்லை. காலையில் ஏறி, கூடை நிறைய நிறைய இறங்கி நிறுத்து, மறுபடி ஏறுகிற பெண் ஓய்ந்திருக்கிறாள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் உழைப்பு ஒன்றே உடம்பைக் காத்துவிடாது. தன்சானியாவில் இன்றும் வேட்டையாடிக் கிழங்கு தோண்டி வாழும் ஹட்சா மக்களின் உடம்பு ஒரு நாளில் எவ்வளவு சக்தி செலவழிக்கிறது என்று ஹெர்மன் பொன்ட்சர் குழு அளந்து 2012இல் வெளியிட்டது. உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் அமெரிக்கர்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கடும் உழைப்புக்கு ஈடுகட்ட, உடம்பு வேறு எங்கோ சிக்கனம் பிடித்துக்கொள்கிறது.

ஆகவே கூடையை விட்டுச் சாப்பாட்டைப் பார்க்க வேண்டும். காலையில் கோதுமை மா ரொட்டி, கட்டச்சம்பல். மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் அநேகமாக அதே ரொட்டிதான். பல வீடுகளில் இரவிலும் அதுவே. பருப்பு கொஞ்சம், முட்டை எப்போதாவது, மீனும் இறைச்சியும் சம்பளம் போட்ட வாரத்தில். இடையிடையே சீனி போட்ட பிளேன்டீ. ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் பத்து கிராம். நாளுக்கு ஐந்து கோப்பையில் ஐம்பது கிராம் சீனி உள்ளே போய்விடுகிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்திருக்கும் உச்ச வரம்பே அந்த ஐம்பதுதான். பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. வயிறு நிறைகிறது, தசைக்கு வேண்டிய புரதம் வருவதில்லை. அறுபதை நெருங்கி, முழங்கால் தேய்ந்து, மலைக்குப் போவது நின்ற பிறகும் ரொட்டியும் பிளேன்டீயும் நிற்பதில்லை.

"வாயைக் கட்டத் தெரியாததுதான். அது நோயில்ல, பழக்கம்."

என்னை அதிகம் வருத்தும் நம்பிக்கை இது. 1994இல் நியூயோர்க்கில் ஜெப்ரி பிரீட்மன் குழு லெப்டின் என்ற ஹோர்மோனுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. கொழுப்புத் திசு சுரக்கும் இந்த ஹோர்மோன்தான் 'போதும்' என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோகிறது. மூன்று ஆண்டுகள் கழித்து, பாகிஸ்தானிலிருந்து இங்கிலாந்துக்குக் குடிபோன ஒரு குடும்பத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு லெப்டினே சுரக்கவில்லை என்று தெரியவந்தது. எட்டு வயதுப் பெண் பிள்ளையின் எடை 86 கிலோ. அவர்களின் பசி அடங்கவே இல்லை. லெப்டின் ஊசி போடத் தொடங்கியதும் அந்தச் சிறுமியின் பசி அடங்கி எடை இறங்கியது. அவளைப் பெருந்தீனிக்காரி என்று ஏசியவர்கள் என்ன பதில் சொல்வார்கள்?

எல்லாருடைய பருமனும் இப்படி ஒரு மரபணுவால் வருவதில்லை. ஆனால் பசியை மூளையும் ஹோர்மோனும் ஆள்கின்றன. பட்டினி கிடந்து இளைத்த உடம்பு இழந்த எடையைத் திரும்பப் பிடிக்கப் பசியைக் கூட்டும். கிளினிக்கில் 'சாப்பாட்டைக் குறை' என்று ஏச்சு வாங்கித் திரும்பும் பெண் அடுத்த தவணைக்கு வரமாட்டாள். அடுத்துப் பார்க்கும்போது காலில் ஆறாத புண் இருக்கும்.

"நோய்னு பேர் வச்சா, சதை போட்டவங்க எல்லாரும் நோயாளிதானே?"

இந்தக் கேள்வி நியாயமானது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் பருமன் 1948 முதலே இருக்கிறது. 2013இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதை நோய் என்று தீர்மானம் போட்டபோது, சங்கத்தின் சொந்த அறிவியல் குழுவே உடன்படவில்லை, பி.எம்.ஐ. என்ற ஓட்டை அளவுகோலை நம்பி ஒரு நோயை வரையறுக்க முடியாது என்றது. 2025 ஜனவரியில் பிரான்செஸ்கோ ருபினோ தலைமையில் லான்செட் ஆணைக்குழு ஒரு வழி சொன்னது. கொழுப்பு கூடியிருந்தும் உறுப்புகள் ஒழுங்காக இயங்கினால் அது ஆபத்தைக் காட்டும் நிலை, கவனம் போதும். மூட்டு வலி, மூச்சிறைப்பு, உறக்கத்தில் மூச்சு தடைபடுதல், உயர் இரத்த அழுத்தம், அன்றாட வேலை முடியாமை போன்ற 18 அடையாளங்களில் ஏதேனும் அந்தக் கொழுப்பினால் வந்திருந்தால் பெரியவர்களுக்கு அது நோய், சிகிச்சை வேண்டும். பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் இடுப்பையும் அளக்கச் சொன்னது ஆணைக்குழு. தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வரையறை எனக்குத் தெரியாது. உடம்பு கெடும்போது அது நோய்தான். ஒல்லியாகத் தெரிபவரும் இந்த வரையறையிலிருந்து தப்ப முடியாது.

"பி.எம்.ஐ. 25க்குக் கீழ இருந்தா பயமில்ல" என்பதும் இத்தோடு போகட்டும். ஆசியர்களுக்கு 23இலிருந்தே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் சொன்னார்கள். தெற்காசியப் பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றர், ஆணுக்கு 90; அதைத் தொட்டால் எச்சரிக்கை. இடுப்பில் சுற்றிய படங்கை அவிழ்த்துவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் நாடாவை வைத்து அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்து அளப்பதில் பயனில்லை.

முப்பத்தைந்தைக் கடந்தவர்களுக்கு எடை, பிரஷர், சீனி பார்க்க சுகாதார அமைச்சு நிலையங்கள் திறந்திருக்கிறது. காசு வாங்குவதில்லை. ஆனால் வேலை நாளில் ஹட்டனுக்கோ டிக்கோயாவுக்கோ போய் வந்தால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். அரைப் பேர் போட்டாலே அடுப்பில் தெரிகிற வீட்டில், எதுவும் வலிக்காத உடம்பைக் காட்டப் பெண் எப்படிப் போவாள்? கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு எல்லாரும் தினமும் வருகிறார்கள். மாதத்தில் ஒரு நாள் ஈ.எம்.ஏ. எனப்படும் தோட்ட வைத்திய உதவியாளர் நாடாவோடும் பிரஷர் பார்க்கும் கருவியோடும் அங்கே வரட்டும். அளக்கும் நேரத்துக்குப் பேர் வெட்டக் கூடாது என்று தோட்ட நிர்வாகங்களிடம் தொழிற்சங்கங்கள் எழுதி வாங்கட்டும்.