வெளிநாட்டு ஓடர் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?

வீட்டிலிருந்தபடியே ஓவியம் வரைந்து, அரபு எழுத்தணி செய்து, பத்திக் துணி தயாரித்து பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் விற்கும் சகோதரிகள் இன்று நமது ஊர்களில் பெருகியிருக்கிறார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் கூட இருக்கிறார்கள். அவர்களில் சிலர் கையில் தொலைபேசியோடு என் கடைக்கு வந்து, "ஹாஜியார், வெளிநாட்டிலிருந்து ஓடர் வந்திருக்கிறது, இதை நம்பலாமா?" என்று கேட்கிறார்கள். திருகோணமலை துறைமுகத்துக்குப் பக்கத்தில் கயிறும் பெயின்ட்டும் இரும்புச் சாமானும் விற்கும் எனக்கு ஓவியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கடன் வாங்கிப் போனவர்களையும் செக் தந்துவிட்டுப் போனவர்களையும் முப்பது வருடமாகப் பார்த்தவன் நான். அந்தத் துணிவில்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் மாதத்தில் ஏறத் தொடங்கிய டொலர், 200 ரூபா அளவிலிருந்து மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தாண்டியது. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. என் சகோதரியின் மகளுடைய கணவர் கடற்றொழிலாளி. அந்த நாட்களில் அவர் வீட்டில் சும்மா இருந்தார். மருமகள் நன்றாகப் படம் வரைவாள். துறைமுகம், பழைய எண்ணெய்த் தாங்கிகள், கிண்ணியாப் பாலம், இவைதான் அவளுடைய படங்கள். அந்த ஜூன் மாதத்தில் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது.

எழுதியவர் தன்னைக் கப்பல் பொறியியலாளர் என்று சொல்லிக்கொண்டார். இன்டர்நெட்டில் என் மனைவி உங்கள் படங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கள் திருமண நாளுக்கு அவளுக்குத் தெரியாமல் மூன்று படங்கள் வாங்கிக் கொடுக்க விரும்புகிறேன், விலை என்ன என்று கேட்டிருந்தார். மருமகள் மூன்றுக்கும் சேர்த்து 650 டொலர் என்று எழுதினாள். உடனே சம்மதம். ஒரு டொலர் கூடக் குறைக்கச் சொல்லவில்லை. "நாங்கள் வேறு நாட்டுக்கு வீடு மாறுகிறோம். வீட்டுச் சாமான்களை ஏற்றும் ஏஜன்டே உங்கள் படங்களையும் வந்து எடுத்துக்கொள்வார். அவருடைய கூலியையும் சேர்த்து 2,400 டொலருக்கு செக் அனுப்புகிறேன். உங்கள் 650ஐ எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஏஜன்டுக்கு அனுப்பிவிடுங்கள். நான் கடலில் இருப்பதால் தொலைபேசியில் பேச முடியாது." இதுதான் அவருடைய இரண்டாவது கடிதம்.

650 டொலர் என்றால் அன்றைய கணக்கில் 234,000 ரூபா. அந்த வீட்டுக்கு அது எப்படிப்பட்ட தொகை என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு வாரத்தில் கூரியரில் செக்கும் உண்மையாகவே வந்து சேர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தவள், "மாமா, எனக்குச் சேமிப்புக் கணக்குத்தான் இருக்கு. உங்கட நடைமுறைக் கணக்கில இதைப் போடுவமா?" என்று கேட்டாள்.

என் பழைய கதை ஒன்றை அவளிடம் சொல்ல வேண்டியதாயிற்று. 2003இல், சமாதான ஒப்பந்தக் காலம். உல்லாசப் படகொன்றில் வந்த ஒரு வெள்ளைக்காரர் 58,000 ரூபாவுக்குக் கயிறும் பெயின்ட்டும் எடுத்தார். கையில் காசு குறைவு என்று 900 டொலருக்குத் தன் நாட்டு வங்கியின் செக் தந்தார். அன்றைய மதிப்பில் அது ஏறக்குறைய 87,000 ரூபா. நான் பழைய வாடிக்கையாளன் என்பதால் வங்கியில் முன்கூட்டியே கணக்கில் வரவு வைத்தார்கள். கணக்கில் காசு வந்துவிட்டது என்ற நம்பிக்கையில் மிச்சம் 29,000 ரூபாவை அவருக்குக் காசாகவே எண்ணிக் கொடுத்தேன். ஏழாவது வாரம் செக் திரும்பி வந்தது. வங்கி முழுத் தொகையையும், அதற்கு மேல் தன் கட்டணத்தையும் என் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டது. கயிறும் போயிற்று, கைக்காசும் போயிற்று. அந்த மனிதர் ஏமாற்றினாரா, அல்லது அவருடைய கணக்கில்தான் ஏதும் கோளாறா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வங்கியில் சண்டை போட்டுப் பார்த்தேன். செக்கின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டவன் நான்தானே என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான்.

இந்த மோசடியின் உயிர் இருப்பது இந்த இடத்தில்தான். கணக்கில் வரவு வைப்பது ஒன்று, செக் உண்மையாகத் தீர்வது இன்னொன்று. வெளிநாட்டு செக் அந்த நாட்டு வங்கிக்குப் போய், அங்கே ஏற்கப்பட்டு, பணம் வந்து சேரப் பல வாரங்கள் எடுக்கும். அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, செக் போட்டவருக்குச் சில நாட்களுக்குள் பணத்தை எடுக்க வங்கி இடம் கொடுக்க வேண்டும் என்கிறது. மக்களின் வசதிக்காக வந்த சட்டம் அது. கள்ளர்களுக்கும் அதுவே வசதியாகிவிட்டது. அமெரிக்க ஓவியர்கள் பலர் ஏமாந்தது இப்படித்தான். காசு வந்துவிட்டது என்று நினைத்து "மிச்சத்தை" ஏஜன்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகுதான் செக் போலி என்று தெரியவரும். கள்ளனுக்குப் படம் தேவையே இல்லை. அவனுக்குத் தேவை அந்த மிச்சக் காசு. என் மருமகளின் விடயத்தில் அது 1,750 டொலர், அதாவது 630,000 ரூபா.

செக்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதிலிருந்த பெயர் அந்தப் பொறியியலாளருடையது அல்ல, ஏதோ ஒரு கம்பனியின் பெயர். உறை வந்திருந்தது வேறொரு நாட்டிலிருந்து. செக்கில் அச்சிட்டிருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்க வேண்டாம் என்று சொல்லி, அந்தக் கம்பனியின் இலக்கத்தை மருமகளின் மகன் மூலம் தனியாகத் தேடி எடுத்துப் பேச வைத்தேன். அப்படி ஒரு செக் நாங்கள் எழுதவில்லை என்றார்கள். செக்கில் உள்ள இலக்கத்தை நம்பினால் கள்ளனிடமே போய் "நீ கள்ளனா?" என்று கேட்டது போலாகும்.

மருமகளுக்கு அப்போதும் மனம் வரவில்லை. "கம்பனி அவருக்குச் சம்பளமாகக் கொடுத்திருக்கலாம்தானே மாமா?" என்றாள். வறுமையில் இருப்பவரின் மனம் காரணம் தேடும். அதைக் குறை சொல்ல நான் யார்? ஆகவே எனக்குத் தெரிந்த வழியில் ஒரு சோதனை வைத்தேன். துறைமுகத்துக்குச் சாமான் கொடுப்பவனிடம் கப்பல் கதை சொன்னால் விடுவேனா? இன்றைய கப்பல்களில் செய்மதித் தொடர்பு உண்டு. மாலுமிகள் வட்ஸ்அப்பில் வீட்டாரோடு பேசுகிறார்கள். பேச முடியாது என்பதே பாதிப் பொய். கப்பலின் பெயரையும் ஐ.எம்.ஓ. இலக்கத்தையும் கேட்டு எழுதச் சொன்னேன். ஏழு இலக்கம் வந்தது.

ஐ.எம்.ஓ. இலக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் ஆறு இலக்கங்களையும் வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 என்பவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். வரும் தொகையின் கடைசி இலக்கமே ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு 9074729 என்பதை எடுங்கள். 63, 0, 35, 16, 21, 4. கூட்டினால் 139. கடைசி இலக்கம் 9. சரியாக இருக்கிறது. அவன் அனுப்பிய இலக்கத்தைப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். 4 வரவேண்டிய இடத்தில் 7 இருந்தது. அப்படி ஒரு கப்பல் உலகத்தில் இருக்க முடியாது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் செக்கை மடித்துப் பையில் வைத்தாள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அத்தோடு அவன் விடவில்லை. செக் தாமதமானால் பேபாலில் அனுப்புகிறேன் என்றான். அடுத்த நாள் பேபால் அனுப்பியது போலவே ஒரு மின்னஞ்சல். பணம் வந்துவிட்டதாம், கூரியர் பற்றுச்சீட்டின் இலக்கத்தை அனுப்பினால்தான் விடுவிப்பார்களாம். மின்னஞ்சலை யாரும் எப்படியும் செய்யலாம். பணம் வந்ததா என்பதைக் கணக்கைத் திறந்து பார்த்துத்தான் அறிய வேண்டும், வந்த கடிதத்தைப் பார்த்தல்ல. அதுவும் இலங்கையிலிருந்து பேபாலில் பணம் அனுப்பலாம், பெற முடியாது என்ற நிலைதான் அப்போது இருந்தது. அது அவனுக்குத் தெரியவில்லை.

மிச்சத்தை வெஸ்டர்ன் யூனியன் போன்ற சேவைகளில் அனுப்பச் சொல்வது இவர்களின் பழைய வழக்கம். வளைகுடாவிலிருந்து வரும் காசை அந்தக் கவுன்டர்களில் எடுத்துப் பழகிய நமக்கு அது நம்பிக்கையான இடம். ஆனால் மறுமுனையில் ஒருவர் காசாக எடுத்துவிட்டால் திருப்ப வழியில்லை. மோசடிக்காரர்கள் தன் சேவையைப் பயன்படுத்துவதைத் தடுக்கத் தவறியதற்காக, 2017 ஜனவரியில் அந்நிறுவனமே அமெரிக்க அரசுக்கு 586 மில்லியன் டொலர் செலுத்தச் சம்மதித்தது. இலங்கையிலிருந்து வெளியே காசு அனுப்பும்போது வங்கி காரணம் கேட்கும் என்பதால் இப்போது உண்டியலில் அனுப்பு, கிரிப்டோவில் அனுப்பு என்கிறார்கள். உண்டியல் சட்டவிரோதம். ஏமாந்த பிறகு பொலிஸுக்குப் போகவும் வாய் வராது.

வங்கிக்கு வங்கி வரும் பணம் என்றாலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் நியூயோர்க் கணக்கிலிருந்து இணையக் கள்ளர்கள் 101 மில்லியன் டொலரைக் கிளப்பினார்கள். அதில் 81 மில்லியன் பிலிப்பைன்ஸுக்குப் போனது. 20 மில்லியன் நமது நாட்டு அமைப்பொன்றின் பெயரில் கொழும்புக்கு வந்தது. 'பவுண்டேஷன்' என்ற சொல் 'ஃபாண்டேஷன்' என்று பிழையாக இருந்ததும், தொகையின் பருமனும் வங்கியாளர்களின் கண்ணில் பட்டன. அந்த 20 மில்லியனும் திரும்பிப் போனது. எழுத்துப் பிழையை அலட்சியம் செய்யாதீர்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. 2017இல் தாய்வான் வங்கியொன்றில் களவுபோன பணம் இலங்கைக் கணக்குகளுக்கு வந்தபோது, அதை இங்கே எடுக்கப் போனவர்கள் கைதானார்கள். உங்கள் கணக்கில் வந்த காசு யாருடைய காசு என்பதற்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரும்.

எல்லா வெளிநாட்டாரையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. உண்மையாக வாங்குபவர் படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பார். அளவு என்ன, சட்டகம் போட்டதா, வெயில் பட்டால் நிறம் போகுமா, பகல் வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுத்து அனுப்ப முடியுமா என்பார். விலையும் குறைக்கச் சொல்வார். கள்ளன் "உங்கள் பொருட்கள்" என்று பொதுவாக எழுதுவான். எதையும் பேரம் பேசமாட்டான், அவசரம் மட்டும் நிறைய இருக்கும்.

பதில் எழுதாமல் விடவும் தேவையில்லை. நான்கு வரி போதும். விலை இவ்வளவு. எங்கள் ஊரில் பொதி கட்டி, தபால் திணைக்களத்தின் ஈ.எம்.எஸ். மூலம் அல்லது எமக்குத் தெரிந்த கூரியரில் நாங்களே அனுப்புவோம், அதன் கட்டணம் இவ்வளவு. முழுத் தொகையும் வங்கி மூலம் வந்து, வங்கி உறுதிப்படுத்திய பின்னரே பொருள் புறப்படும். கூடுதலாக வரும் பணத்தை மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கமாட்டோம். கணக்கு இலக்கம், பெயர், வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு, பணம் பெற இவை போதும். காட் இலக்கம், அதன் பின்பக்கத்து மூன்று இலக்கம், தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி., இவற்றைக் கேட்பவன் தருவதற்காகக் கேட்கவில்லை. கடனட்டையில் வாங்குபவரிடமும் கவனம் வேண்டும். அட்டை களவாடப்பட்டது என்றால் உரிமையாளர் பொதுவாக 120 நாள் வரை முறையிடலாம். பணம் திரும்பிப் போகும், படம் வராது.

யாராவது ஏற்கெனவே காசு அனுப்பியிருந்தால் வெட்கப்பட்டு வீட்டில் இருக்காமல் அன்றே வங்கிக்குச் சொல்லுங்கள். பிறகு பொலிஸில் முறையிடுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது. வந்த கடிதங்களையும் உறையையும் எறிந்துவிடாதீர்கள்.

என் மருமகள் அந்த நான்கு வரியை ஆங்கிலத்தில் எழுதித் தொலைபேசியில் வைத்திருக்கிறாள். அதை அனுப்பினால் பத்தில் ஏழு பேர் மறுபடி எழுதுவதில்லை. அந்த மூன்று படங்களில் இரண்டு, அடுத்த வருடம் கட்டாரில் வேலை செய்யும் நம் நாட்டுக் குடும்பமொன்றுக்குப் போயின. மூன்று வாரம் கேள்வி கேட்டு, 40 டொலர் குறைத்துத்தான் வாங்கினார்கள். மூன்றாவது, எண்ணெய்த் தாங்கிகளின் படம், என் கடையில் காசு மேசைக்கு மேலே தொங்குகிறது. அதற்கு அவள் என்னிடம் முழு விலையும் வாங்கிக்கொண்டாள்.