எங்கே பிறந்தது? – கேட்டு வாங்கும் திருடர்கள்

பாஸ்வேர்டைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்கிறார் எங்கள் முதலாளி. மாற்றி மாற்றி எனக்கே மறந்துபோகிறது.
– ஏலக்காய்க் கமிஷன் கடைக் கணக்கர், போடிநாயக்கனூர்

கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்ட் போட்டவர் ஃபெர்னாண்டோ கார்பட்டோ. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் 1961-ல் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாட்டை அவருடைய குழு உருவாக்கியது. ஒருவர் கோப்பை மற்றவர் பார்க்காமலிருக்க ஆளுக்கொரு ரகசியச் சொல். அவர் கதை அவ்வளவுதான். சுவாரசியமான ஆள், அந்தச் சொற்களைத் திருடியவர்.

ஆலன் ஷெர் அங்கே ஆராய்ச்சி மாணவர். அவருக்கு வாரத்தில் நான்கு மணி நேரம்தான் கம்ப்யூட்டர் கிடைத்தது, போதவில்லை. 1962-ல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பாஸ்வேர்ட் கோப்பை அச்சிட்டுத் தரும்படி துளையட்டையில் கோரிக்கை கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை காலை வந்து பார்த்தால், அச்சான தாள்கள் வைக்கும் இடத்தில் எல்லாருடைய பாஸ்வேர்டும் பட்டியலாக இருந்தது! பழி தன் ஒருவன் தலையில் விழக் கூடாதென்று நண்பர்களுக்கும் பங்கு கொடுத்தார்.

பூட்டை உடைத்தாரா? இல்லை. கள்ளச்சாவி போட்டாரா? அதுவும் இல்லை. கேட்டார், கிடைத்தது. அறுபது வருடத்தில் கம்ப்யூட்டர் எவ்வளவோ மாறிவிட்டது. திருட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கு ஓடிபி பறிகொடுப்பவர்களும் கேட்டதும் எடுத்துக் கொடுத்தவர்கள்தான். இந்தப் பகுதியில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான், இன்னும் சொல்வேன்: பறித்த திருட்டைவிடக் கேட்டு வாங்கிய திருட்டே அதிகம்.

இனி உங்கள் முதலாளி விஷயம். அடிக்கடி மாற்று, பெரிய எழுத்து, எண், ஆச்சரியக்குறி எல்லாம் சேர் என்ற விதிகளை உலகமெங்கும் பரப்பியது 2004-ல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் வெளியிட்ட கையேடு. அந்தப் பகுதியை எழுதிய பில் பர், அதில் பெரும்பாலானவற்றுக்காக இப்போது வருந்துவதாக 2017-ல் வெளிப்படையாகவே சொன்னார். காரணம், மாற்றச் சொன்னால் நாம் என்ன செய்வோம் என்று எல்லாருக்கும் தெரியும்: கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குவோம். அதே 2017-ல் அந்த நிறுவனமும் தன் விதியைத் திருத்தியது. களவு போனதற்கு அறிகுறி இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் மாற்ற வேண்டாம். பாஸ்வேர்ட் நீளமாக இருப்பதே முக்கியம்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள். மறக்கும் என்றால் நோட்டில் எழுதி பீரோவில் பூட்டுங்கள், தப்பே இல்லை. திரையின் ஓரத்தில் ஒட்டுவதுதான் தப்பு. மெயிலுக்கு ஒன்று, பேங்குக்கு வேறொன்று வையுங்கள். 625513 மட்டும் வேண்டாம். போடியின் அஞ்சல் குறியீடு போடிக்கே தெரியும்.

ஏடிஎம்மில் யாராவது மிரட்டினால் பின் நம்பரைத் தலைகீழாக அழுத்தினால் போலீஸ் வந்துவிடுமாமே? எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா போட்டிருக்கிறார்.
– கல்லூரி மாணவி, குரங்கணி

வராதும்மா. 1221 என்று வைத்திருப்பவர் எதைத் திருப்புவார்? அவர் ஐந்நூறு ரூபாய் எடுக்கப் போகும்போதெல்லாம் வாசலில் போலீஸ் ஜீப் அல்லவா நிற்கும்!

ஆனால் இந்தப் புரளிக்கு ஒரு வேர் உண்டு. ஜோசப் ஜிங்கர் என்ற அமெரிக்க வியாபாரி இந்த யோசனைக்கு 1998-ல் காப்புரிமையே வாங்கினார். வங்கிகள் ஏற்கவில்லை. 2010-ல் அமெரிக்க வணிக ஆணையம் விசாரித்தபோதும், எந்த ஏடிஎம்மிலும் அது பொருத்தப்பட்டதாகத் தகவல் இல்லை. யோசனை காகிதத்தோடு நின்றது. வதந்தி மட்டும் கடல் தாண்டி உங்கள் மாமா வரை வந்துவிட்டது. கத்தியைக் காட்டுகிறவன் எதிரே எண்ணைத் திருப்பி யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். பணத்தைக் கொடுத்து உயிரோடு வெளியே வாருங்கள். பிறகு வங்கிக்குப் போன் போட்டு அட்டையை முடக்குங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். பின் நம்பர் ஏன் நான்கு இலக்கம்? லண்டன் என்ஃபீல்டில் 1967 ஜூன் 27 அன்று பார்க்லேஸ் வங்கி திறந்த பணம் தரும் இயந்திரத்தை உருவாக்கியவர் ஜான் ஷெப்பர்ட்-பாரன். பிறந்தது நம் ஷில்லாங்கில், 1925-ல். அவர் நினைத்தது ஆறு இலக்கம். சமையலறை மேசையில் மனைவி கரோலினிடம் கேட்டாராம். தனக்கு நான்குதான் ஞாபகம் இருக்கும் என்றாராம் அந்த அம்மா. தீர்ந்தது விஷயம்! பின் நம்பருக்கு அதற்கும் முந்தைய காப்புரிமை ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் குட்ஃபெலோவுடையது, 1966. ஆனால் நான்கு என்ற எண்ணுக்கு நாம் வணங்க வேண்டியது கரோலின் அம்மாவைத்தான். எழுபது வயதுப் பாட்டியும் நினைவில் வைக்கக்கூடிய பாதுகாப்பே பாதுகாப்பு.

க்யூஆர் கோட் ஒன்று அனுப்பி, ‘ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, அட்வான்ஸ் வந்துரும்’ என்றார் ஒருவர். வருமா?
– பெட்டிக்கடைக்காரர், சிலமலை

வராது, போகும்!

இந்தக் கட்டங்களை 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசஹிரோ ஹாரா வடிவமைத்தார். கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்கவே செய்தது. ‘கோ’ என்ற பலகை விளையாட்டில் கறுப்பும் வெள்ளையுமாகக் காய்கள் பரவியிருப்பதைப் பார்த்து யோசனை பிறந்தது. அதன் மூன்று மூலைச் சதுரங்களைக் கவனித்திருக்கிறீர்களா? அச்சடித்த வேறு எதோடும் குழம்பாத கறுப்பு வெள்ளை அளவு வேண்டுமென்று துண்டுப் பிரசுரம், பத்திரிகை, அட்டைப்பெட்டி என எல்லாவற்றையும் அலசி 1:1:3:1:1 என்ற விகிதத்தைப் பிடித்தார்கள். அதனால்தான் கோணலாகக் காட்டினாலும் போன் படிக்கிறது.

யுபிஐ நம் நாட்டில் அறிமுகமானது 2016 ஏப்ரலில். அன்று முதல் இன்று வரை மாறாத ஒரே விதி: பணம் உங்களுக்கு வர பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டால் போகிறது என்று அர்த்தம். மறுபடியும் பாருங்கள், அவர் உங்கள் கல்லாப்பெட்டியை உடைக்கவில்லை. கேட்கிறார்.

போடி ஏல மையத்தில் மாதிரிக் காயைக் கையில் கொட்டி, நிறமும் பருமனும் பார்க்காமல் எந்த வியாபாரியாவது விலை கேட்பாரா? போனில் வரும் ஒவ்வொன்றையும் அப்படிக் கொட்டிப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். தினமும் கடை திறந்ததும் உங்கள் க்யூஆர் அட்டையையும் பாருங்கள். அதன்மேல் வேறு அட்டை ஒட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

டெஸ்க்டாப்பில் ரிஃப்ரெஷ் அழுத்திக்கொண்டே இருந்தால் கம்ப்யூட்டர் வேகமாகுமா?
– பத்தாம் வகுப்பு மாணவன், ராசிங்கபுரம்

ஆகாது தம்பி. திரையிலுள்ள படங்களைத் திரும்ப வரைகிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் அப்டேட் போடு. பாதுகாப்பாவது கிடைக்கும்.

சென்னைக்கு ரயில் டிக்கெட் போடும்போது கோணல்மாணலாக எழுத்து வருகிறதே, கண்ணைக் கெடுப்பதற்கா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, போடிநாயக்கனூர்

அம்மா, முதலில் ரயில் வந்ததைக் கொண்டாடுவோம். மீட்டர்கேஜ் வண்டி 2010 முடிவில் நின்றது. அகலப்பாதையில் வண்டி போடி வந்து சேர 2023 ஜூன் ஆகிவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்த ஊருக்குக் கொஞ்சம் கோணல் எழுத்து ஒரு பொருட்டா!

அந்த எழுத்துக்குப் பெயர் கேப்ட்சா. மனிதர் படிப்பார், இயந்திரம் திணறும் என்ற நம்பிக்கையில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் வான் ஆன், மானுவெல் ப்ளம் முதலியோர் உருவாக்கினார்கள். 2007-ல் வான் ஆன் அதை இன்னும் அழகாக்கினார். இரண்டு சொற்கள் வரும்: ஒன்று உங்களைச் சோதிக்க, இன்னொன்று பழைய அச்சுப் பக்கத்தில் இயந்திரத்தால் படிக்க முடியாமல் போனது. நியூயார்க் டைம்ஸின் பழைய இதழ்கள் அப்படித்தான் கணினியில் ஏறின. ஊர்கூடித் தேர் இழுத்திருக்கிறது, இழுத்தவர்களுக்கே தெரியாமல்!

அதே கேப்ட்சாவை இப்போது திருடர்களும் போடுகிறார்கள். ‘ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர்’ என்று கேட்கும். அழுத்தினால் அந்தப் பக்கம் கமுக்கமாக வைத்த கட்டளையை உங்கள் கையாலேயே இயக்கிவிடுவீர்கள். உண்மையான கேப்ட்சா எழுத்து அடிக்கச் சொல்லும், படம் தொடச் சொல்லும். இப்படிப் பொத்தான் வரிசை சொல்லாது. சொன்னால் உடனே மூடுங்கள்.

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ சட்டம் எந்த வருடம் வந்தது ஐயா? ஏலக்காய் விலை ஏறும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, நம்பிச் சரக்கைப் பிடித்து வைக்கலாமா?
– தோட்டக்காரர், போடிமெட்டு

முதல் கேள்விக்கு: எந்த வருடமும் வரவில்லை. கைது செய்யக் காவலர் நேரில் வர வேண்டும். 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அப்படித்தான், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் அப்படித்தான். வீடியோவில் காக்கிச்சட்டை தெரிந்தாலும், பின்னால் தேசியக்கொடி தெரிந்தாலும் அது கைது ஆகாது. ‘வீட்டில் யாரிடமும் சொல்லாதே’ என்றால் உடனே மனைவியிடமும் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். பாதி திருட்டு அங்கேயே செத்துவிடும். பணம் போயிருந்தால் வெட்கப்பட்டு உட்காராதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அந்த நிமிடமே அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வழி உண்டு. ராத்திரி யோசித்துக் காலையில் சொன்னால் கஷ்டம்.

இரண்டாவது கேள்விக்கு: விலை ஏறுமா என்பது மழைக்குத்தான் தெரியும். ஆனால் இன்று என்ன விலை போனது என்பது ஒளிவுமறைவில்லாத சங்கதி. ஒவ்வொரு மின்னணு ஏலத்தின் வரத்து, விற்பனை, உச்ச விலை, சராசரி விலை எல்லாவற்றையும் நறுமணப் பொருட்கள் வாரியம் தன் இணையதளத்தில் போடுகிறது. முகவரியை நீங்களே அடித்துப் போய்ப் பாருங்கள். யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டுப் போகாதீர்கள். நாலு பேர் பார்வேர்ட் செய்ததை நம்பி மூட்டையைப் பூட்டி வைப்பதும், நாலு எண்ணைக் கேட்டவனிடம் சொல்வதும் எனக்கு ஒன்றாகவே படுகிறது. சரக்கு உங்களுடையது, முடிவும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.